வில்லன் ‘ங்க’ போட மாட்டான்

1

இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் நிறைந்த அன்றைக்கு நான் ஒரு வெங்காயத்திடம் தோற்றுப்போனேன். யாருக்கும் தெரியாமல் தோற்றிருந்தாலும் பரவாயில்லை. தியேட்டர் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, கையில் மைக்கோடு தோற்றேன். அந்தச் சந்தோஷம் இன்னும் தலையை விட்டு இறங்கவில்லை. நேற்று பஸ் ஓட்டிக்கொண்டே தனியாகச் சிரித்திருக்கிறேன் போல. முன் சீட்டில் இருந்த பெண்மணி எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ஆகவே இதை ஒழுங்காகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆளைத் தெரியாதவர்களுக்கு: நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்துக்காரன். வீட்டில் நெல்லும் தென்னையும். எனக்கு மண்ணை விட ஸ்டியரிங் பிடித்துப்போனதால் சித்தூர் – பாலக்காடு லைனில் பஸ் ஓட்டினேன். மனைவி செல்வராணி மலைநாட்டு உடும்பஞ்சோலைக்காரி. ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பம், அவள் படித்தது நர்சிங். அவளுக்கு ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. நான் ரெண்டு வயசு மகள் தாரணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டேன். பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத சின்ன ஊர். ஒரு கால்வாய், அதன் கரையில் ஒரு பழைய தியேட்டர், ஊரைச் சுற்றி வரும் சில பஸ்கள். அதில் ஒன்றை ஓட்டுகிறவன் நான்.

அந்த பஸ்ஸைக் கையில் வாங்குவதற்குள் உயிர் போய்விட்டது. சித்தூர்ச் சந்தை நாளில் மாட்டுக்கும் டெம்போவுக்கும் நடுவில் பஸ்ஸை நுழைத்து எடுத்தவனை இங்கே மறுபடியும் டிரைவிங் ஸ்கூலில் சேர்த்து, சைக்கிள்காரனுக்கு வழி விடுவது எப்படி என்று முழுப் பாடம் நடத்தினார்கள். பாஸாகி வண்டி எடுத்த முதல் நாள், ஒரு ஸ்டாப்பில் பதற்றத்தில் பழைய பழக்கம் வாயில் வந்து, “ஆளெறங்கானுண்டோ?” என்று மலையாளத்தில் கத்திவிட்டேன். யாருக்கும் புரியவில்லை. ஆனால் கத்திய கத்தலில் நாலு பேர் இறங்கிவிட்டார்கள்.

2

இந்த மொழியில் ‘நீ’க்கு ‘டூ’ என்றும், ‘நீங்க’ளுக்கு ‘ஸீ’ என்றும் பெயர். தெரியாத ஆளுக்கு ஸீ. குழந்தைக்கு, நாய்க்கு, சொந்தக்காரர்களுக்கு, கடவுளுக்கு டூ. வகுப்பில் டீச்சர் படம் போட்டு விளக்கினார். எனக்குத் தலையில் ஏறவே இல்லை.

ஏறாததற்குக் காரணம் எங்கள் வீடு. எங்கள் வீட்டில் ‘ங்க’ போடாமல் ஒருவரும் பேச மாட்டார்கள். பெரியவர்களுக்கு மரியாதைக்காக, குழந்தைகளுக்குப் பிரியத்துக்காக. “வாங்க சாமி, சாப்புடுங்க கண்ணு” என்று கொஞ்சித்தான் என்னை வளர்த்தார்கள். பக்கத்து வீட்டு மாடு எங்கள் வயலில் இறங்கினால்கூட அப்பா வரப்பில் நின்று, “அக்கட்டால போங்க சாமி” என்பார். ‘ங்க’ உதிர்ந்து ‘நீ’ என்று வந்துவிட்டால் அன்றைக்கு அடி நிச்சயம் என்று அர்த்தம்.

அதனால் இங்கே எல்லோருக்கும் ஸீ போட்டேன். தள்ளுவண்டியில் பஸ் ஏறும் கைக்குழந்தையிடம், “வணக்கம், நீங்கள் நலமா?” ஒரு கிழவியின் நாய் படிக்கட்டை மறித்து நின்றபோது, “தயவுசெய்து சற்று நகர்ந்து அமருங்கள்” என்றேன். அது நகர்ந்து உட்கார்ந்தது. இந்த ஊரில் என் ஜெர்மன் முதலில் புரிந்தது அந்த நாய்க்குத்தான்.

செல்வராணி ஊர்ச் சமாச்சாரம் நேர் எதிர். இந்தச் சரிவில் நின்று எதிர்ச் சரிவில் இருக்கிறவரைக் கூப்பிட வேண்டிய ஊர். அங்கே ‘ங்க’ போட்டால் காற்றிலேயே கரைந்துவிடும். “ஏலேய்!” என்றால்தான் போய்ச் சேரும். பிரியம் முற்றினால் மரியாதையைக் கழற்றி வைத்துவிடுவார்கள். மகளைக் கூப்பிட்டால், “ஏட்டி, இங்க வாட்டி.” நான் கூப்பிட்டால், “அம்முணி, இங்க வாங்க.” ஒரே குழந்தைக்கு ஒரே வீட்டில் இரண்டு ஊர்.

இனி பிரிகிட்டே. அறுபது வயது, சிவப்பு பூட்ஸ், கால்வாய்க்கரைத் தியேட்டரின் சொந்தக்காரி. தினமும் என் பஸ்ஸில்தான் வருவார். ஒரு நாள் இறங்கப் போகும்போது நின்று, கையை நீட்டி, புன்னகையோடு சொன்னார்: “இனிமேல் நாம் இருவரும் டூ.”

நம் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ‘டூ’ விட்டால் என்ன அர்த்தம்? உன்னோடு பேச்சு வார்த்தை இல்லை, நட்பு முறிந்தது. முந்தின நாள் பிரேக்கை அழுத்திப் போட்டோமே, அதற்காகவா? நான் கையைக் கொடுக்காமல், “மன்னியுங்கள், என்ன தவறு செய்தேன்?” என்று கேட்டேன். அவர் நீட்டிய கை நீட்டியபடி நின்றது. பின்னால் நாலு கார் ஹாரன் அடித்தது. பிறகுதான் விளங்கியது, இங்கே டூ என்பது நெருக்கத்துக்கான விண்ணப்பம். வயதில் மூத்தவர்தான் கொடுக்க வேண்டும். கை குலுக்கி வாங்கிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் முறித்துக்கொள்ளும் சொல்லை வைத்து இங்கே ஒட்டிக்கொள்கிறார்கள்.

இதை அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அக்கா சித்தூரில் தம் அடங்கச் சிரித்துவிட்டு, “ஏந்தம்பி, பழம் விட்டீங்களா இல்லீங்களா?” என்று கேட்டாள்.

3

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தாரணி ஸ்கூல் கேட் வரைக்கும்.

அவளுடைய தோழிகள் பக்கத்தில் இருந்தால் நான் ஜெர்மனில் பேசுவேன். அவர்களுக்குப் புரியாத பாஷையில் பேசுவது மரியாதை இல்லை என்று ஒரு நினைப்பு. ஒரு நாள் மழை. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, மூன்று தோழிகள் முன்னால், என் எட்டு வயசு மகளிடம், “தாரணி, தயவுசெய்து ஸீ வாருங்கள்” என்றேன். அதில் ஒரு குட்டி கேட்டாள்: “இவர் உன் அப்பாவா, உங்கள் வீட்டு டிரைவரா?”

டிரைவர்தான், அதிலே என்ன என்று நான் சிரித்தேன். தாரணி சிரிக்கவில்லை.

அதற்குப் பல மாதம் முன்னாலேயே இன்னொன்றும் நடந்திருந்தது. பக்கத்து நகரத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு. வீட்டைப் பற்றி நாலு வாக்கியம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இவள் எழுந்து, “எங்க ஊட்ல” என்று ஆரம்பித்திருக்கிறாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பிள்ளைகள் சிரிப்பதில் வஞ்சனை ஒன்றும் இருக்காது. ஆனால் நின்றிருந்தவளும் பிள்ளைதானே. அன்றிலிருந்து தமிழ் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். தோசைக்கு ஜெர்மன், சட்னிக்கு ஜெர்மன், சண்டைக்கும் ஜெர்மன். ஒரு வருஷம் ஆகப்போனது.

அதையும் பொறுத்துக்கொண்டிருந்தேன். மழைக்கு மறுநாள் செல்வராணி சமையலறையில் வைத்துச் சொன்னாள்:

“ஏங்க, உங்க மவ என்ன கேக்கா தெரியுமா? அம்மா நீ என்னைய ஏட்டின்னு கூப்பிடுத, அப்பா மட்டும் ஏன் வேத்தாளுகிட்ட பேசுத மாதிரி ஸீ போடுதாரு, தமிழ்லயும் ஜெர்மன்லயும் அப்படித்தான் போடுதாரு, என்னைய அவுகளுக்குப் பிடிக்கலையான்னு கேக்கா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அவுக ஊரு அப்படித்தான்னு சொன்னேன். அவ நம்பல.”

அன்றைக்கு மத்தியானம் பஸ்ஸில் இரண்டு ஸ்டாப்பை விட்டுவிட்டேன். இத்தனை வருஷமாக நான் வாய் நிறைய அள்ளிக் கொடுத்த பிரியத்தை என் பிள்ளை தள்ளி நிறுத்துவதாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். சரி, மாற்றிக்கொள்வோம் என்று அன்று வீட்டுக்குப் போய், “தாரணி, நீ சாப்டியா?” என்று கேட்டுப் பார்த்தேன். என் காதுக்கே பிள்ளையை அடிக்கப் போகிறவன் குரல் மாதிரி இருந்தது. அவளும் மிரண்டுபோய்ப் பார்த்தாள். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்து.

4

இந்த நிலைமையில்தான் பிரிகிட்டே பஸ்ஸில் ஏறி, டிரைவரிடம் பேசக் கூடாது என்ற போர்டுக்குக் கீழேயே நின்று பேசினார்.

அவர் தியேட்டரில் குழந்தைகள் சினிமா வாரம் வருகிறது. ஊரில் எத்தனை மொழிப் பிள்ளைகள் இருக்கிறார்களோ, அந்தந்த மொழிக்கு ஒரு மாலை. படம் ஒன்றேதான். சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் மைக் வைத்து, அந்த மொழிக்காரர்கள் வாயசைவுக்குத் தகுந்த மாதிரி நேரடியாகப் பேச வேண்டும். தமிழுக்கு ஆள் வேண்டும்.

“எந்தப் படம்?” என்றேன்.

பெயரைச் சொன்னார். பஸ்ஸை ஓரம் கட்டாத குறை.

உங்களுக்கு விளக்க வேண்டும். இங்கே டிவியில் சாயங்காலம் ஒரு கார்ட்டூன் தொடர் வருகிறது. ஒரு பேக்கரிக்காரரின் மகள், கூச்ச சுபாவம், யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். அவளிடம் வெங்காயத் தோலால் ஆன ஒரு கோட்டும் குல்லாவும் இருக்கின்றன. அதைப் போட்டதும் சூரப்புலி ஆகிவிடுவாள். கோட்டில் ஒவ்வொரு தோலாக உரிக்க உரிக்க ஒவ்வொரு சக்தி. கடைசித் தோலை உரித்தால் எதிரில் நிற்கிற அயோக்கியன் கண்ணில் தாரை தாரையாகக் கண்ணீர் வந்து, உண்மையைக் கக்கிவிடுவான். யாரையும் குத்துவதில்லை, வெட்டுவதில்லை. அழ வைப்பதோடு சரி. தாரணி அந்தத் தொடரைப் பார்க்கிற நேரத்தில் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது. இப்போது அந்தத் தொடரைப் பெரிய திரைக்குப் படமாக எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். “தமிழில் பேச வேண்டும்” என்றதும் அவள் ஜெர்மனில் மாட்டேன் என்றாள். எந்தப் படம் என்றதும் சோபாவில் ஏறி நின்றுகொண்டாள். அப்புறம் இறங்கி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, திறந்து, மறுபடி சாத்தி, கடைசியில் தலையை மட்டும் நீட்டி, “கதாநாயகி நானா?” என்று ஜெர்மனில் கேட்டாள்.

“நீங்கதானுங்க” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

5

அடுத்த சிக்கல், கதாநாயகிக்குத் தமிழில் என்ன பெயர்?

வெங்காயம் என்று வைக்க முடியாது. அக்கா போனிலேயே அடித்துச் சொல்லிவிட்டாள்: “ஏந்தம்பி, நம்மூர்ல ஒருத்தன் சொன்னது புடிக்கலைன்னா ‘போடா வெங்காயம்’ங்கறோமல்லோ? புள்ளைக்குப் போயி அந்தப் பேர வெப்பாங்களா?” உடும்பஞ்சோலையிலிருந்து மாமியார் குரல் பதிவு அனுப்பினார்: “எங்க பக்கம் அது உள்ளிலா. உள்ளின்னு வைங்க மருமவனே.” மலையாளத்திலும் உள்ளிதான். சித்தூரில் கடைக்காரர் பாதி பேர் அப்படித்தான் சொல்வார்கள். நான் இரண்டு பேச்சையும் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, “உள்ளி... உள்ளிக்குட்டி!” என்றேன். உள் அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த அறையில் ஒருத்திதான் இருந்தாள்.

வசனத்துக்கு ராகவன் சார். திருச்சிக்காரர், என்ஜினீயர், சனிக்கிழமை வகுப்பை நடத்துகிறவர். நல்ல மனுஷர். கேட்ட உடனே மொத்தப் படத்தையும் தமிழாக்கிக் கொடுத்தார். தமிழ் என்றால் சாதாரணத் தமிழ் இல்லை. “அக்கிரமக்காரனே, நிறுத்து! இந்நகரின் நறுமணங்களைக் களவாட உனக்கு உரிமை அளித்தவர் யாவர்?” இது உள்ளிக்குட்டியின் முதல் வசனம். உள்ளி என்ற பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை, ‘வெங்காய வீராங்கனை’ என்றார். கடைசியில் தியேட்டர் போஸ்டரில் அவ்வளவு நீளத்துக்கு இடம் இல்லை என்று பிரிகிட்டே சொன்னதால் உள்ளிக்குட்டி பிழைத்தாள்.

வில்லன் செண்டு வியாபாரி. ஊரில் உள்ள எல்லா வாசனையையும் ஒரு மிஷினால் உறிஞ்சிவிட்டுத் தன் செண்டை மட்டும் விற்கப் பார்க்கிறவன். ரொட்டி வாசனை, மழை வாசனை, குளத்து வாசனை எல்லாம் போய்விடுகிறது. ஆண் குரல் நான் ஒருவன்தான் என்பதால் அவன் என் தலையில். படத்தில் வரும் டீச்சரும் மற்ற பெண்களும் செல்வராணி.

அப்புறம் ஆபீஸ். எட்டு வயசுப் பிள்ளை பொது மேடையில் குரல் கொடுக்க அனுமதி வாங்க வேண்டுமாம். தாரணியையும் கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி மிக நிதானமானவர்.

“குழந்தைக்கு ஊதியம் உண்டா?”

“பாப்கார்ன் தருகிறார்கள்.”

“சிறியதா, பெரியதா?”

தெரியாது என்றேன். அவர் உள்ளே போய் யாரிடமோ ஆலோசித்துவிட்டு வந்து, சிறியது என்றால் உபசரிப்பு, பெரியது என்றால் யோசிக்க வேண்டும் என்றார். சிறியது என்று ஒப்புக்கொண்டேன். குழந்தையின் பாத்திரம்? வெங்காயம். தகப்பனின் பாத்திரம்? அயோக்கியன். எல்லாவற்றையும் முகம் மாறாமல் எழுதிக்கொண்டார். கடைசியில் நான் தாரணியிடம், “ஸீ எழுந்திருங்கள், போகலாம்” என்றதும்தான் அவர் பேனா நின்றது. “இவர் உங்கள் சொந்த மகள்தானே?” என்று கேட்டு, பாஸ்போர்ட்டை மறுபடி வாங்கிப் பார்த்தார். தாரணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒத்திகை வீட்டில் நடந்தது. அவளுக்குத் தமிழ் எழுத்து சரளமாக வாசிக்க வராது. ஜெர்மன் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வகுப்புப் பாடம் மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒப்பித்தாள். ஒப்பித்து முடித்ததும் ஜெர்மனுக்குத் திரும்பிவிடுவாள். அது அவள் பேசிய தமிழ் இல்லை, ராகவன் சார் பேசிய தமிழ். எனக்கு அது போதவில்லை. அவள் வாயிலிருந்து அவளாக ஒரு வார்த்தை, என்னைப் பார்த்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் இந்த வில்லன் வேலைக்கு அதுவே சம்பளம் என்று நினைத்துக்கொண்டேன். சிறிய பாப்கார்ன்கூட வேண்டாம்.

6

தியேட்டர் நிறைந்துவிட்டது. பக்கத்து நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள், சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும், தாரணியின் ஜெர்மன் தோழிகள் மூன்று பேர், செல்வராணியோடு வேலை பார்க்கும் மலையாளி நர்ஸுகள் ஒரு வரிசை. முதல் வரிசையில் ராகவன் சார் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரைக்கு இடது பக்கம் சின்ன விளக்கு, மூன்று மைக், நாங்கள். தாரணி தலையில் செல்வராணி தைத்த வெங்காயக் குல்லா.

ஆரம்பம் சுமாராகப் போனது. பேக்கரிக்காரர் மகள் அதிகம் பேச மாட்டாள் என்பதால் பிழைத்தோம். அவளிடம் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது. வாசனைகள் போனதும் அதற்கு மோப்பம் போய், வீடு தெரியாமல் தொலைந்துபோகிறது. பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு குல்லாவைப் போடுகிறாள். கூரை மேல் நிற்கிறாள். கீழே செண்டுக்காரன் மிஷினோடு ஓடுகிறான்.

தாரணி ஆரம்பித்தாள். “அக்கிரமக்காரனே, நிறுத்து! இந்நகரின் நறுமணங்களைக்...”

திரையில் அதற்குள் வாய் மூடிவிட்டது. கூரையிலிருந்து குதித்தும் ஆகிவிட்டது. இங்கே இன்னும் “களவாட உனக்கு உரிமை” ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் படம் இல்லாமல் வெறும் காகிதத்தை வைத்து ஒத்திகை பார்த்தவர்களுக்கு இது உறைக்கவே இல்லை. அடுத்த வசனம் இன்னும் நீளம். ஒரு பிள்ளை சத்தமாக, “அவ வாய் கெட்டுப்போச்சு!” என்றது. வகுப்புப் பிள்ளைகள் பக்கமிருந்து சிரிப்புக் கிளம்பியது.

தாரணி நிறுத்திவிட்டாள்.

அந்தச் சிரிப்பு எனக்கும் தெரிந்த சிரிப்புதான். குல்லாவுக்குக் கீழே அவள் காது சிவந்தது. போச்சு, மைக்கை வைத்துவிட்டு ஓடப் போகிறாள், இனி ஆயுசுக்கும் தமிழ் கிடையாது என்று நினைத்துவிட்டேன். செல்வராணி அவளை எட்டிப் பிடிக்க ஒரு அடி எடுத்து வைத்தாள்.

திரையில் செண்டுக்காரன் சந்துக்குள் நுழைந்து தப்பிக்கப் போனான். உள்ளிக்குட்டி வாயைத் திறந்தாள். தாரணி காகிதத்தைக் கீழே விட்டாள்.

“ஏலேய்! நில்லுலே!”

மலைக்கு மலை கேட்கிற குரல். அப்படியே உடும்பஞ்சோலை. வாயசைவில் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது. செல்வராணி எடுத்து வைத்த அடியோடு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் கூரை பிய்கிற மாதிரி கூச்சல் போட்டார்கள்.

இப்போது வில்லன் திரும்ப வேண்டும். காகிதத்தில் எனக்கு இருந்தது: “யாரடி நீ? என் வலிமையை நீ அறியாய்!” எனக்குக் காகிதமும் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை. திரையில் அவன் திரும்பி வாயைத் திறந்துவிட்டான். மைக்கில் வந்தது இது:

“ஏனுங்க, யாருங்க நீங்க?”

அதுவும் கச்சிதமாகப் பொருந்தியது. நர்ஸுகள் வரிசையே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தது. ராகவன் சார் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். தாரணி என் பக்கம் திரும்பி, மைக் வாயருகில் இருப்பதையே மறந்து கத்தினாள்:

“அப்பா! வில்லன் ‘ங்க’ போட மாட்டான்!”

ஒரு வருஷத்துக்கு அப்புறம் என் மகள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் தமிழ் வாக்கியம் அது. நான் என்ன வில்லத்தனம் செய்ய முடியும் சொல்லுங்கள்? குரலைக் கனமாக்கி, கண்ணை உருட்டி, முழு பலத்தையும் திரட்டி, “ஏய்! நீ நில்லு...” என்றேன். நின்றிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. “...ங்க” என்று ஒட்டிக்கொண்டது.

அதற்கப்புறம் யார் காகிதத்தைப் பார்த்தார்கள்?

“எம் மிஷினத் தொடாதீங்க!”

“தொட்டா என்னலே பண்ணுவ?”

“அழுதுபோடுவனுங்க!”

“அழுலே! அதுக்குத்தானலே தோலை உரிக்கேன்!”

பிரிகிட்டேவுக்கு ஒரு வார்த்தை புரியாது. விளக்குக்குப் பின்னால் நின்று சிவப்பு பூட்ஸை உதைத்து உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். செண்டுக்காரன் திரையில் அழ வேண்டிய இடத்தில் நான் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன். நடிப்பு பிரமாதம் என்று அப்புறம் பல பேர் சொன்னார்கள்.

கடைசிக் காட்சி. மிஷின் உடைகிறது, வாசனைகள் எல்லாம் ஊருக்குத் திரும்புகின்றன. தெருக்கோடியில் அந்த நாய்க்குட்டி மூக்கைத் தூக்கி, மோப்பம் பிடித்து, ரொட்டி வாசனை வரும் திசையில் தள்ளாடி வருகிறது. பெண் குல்லாவைக் கழற்றிவிட்டு மண்டி போடுகிறாள். ராகவன் சார் எழுதியிருந்தது, “வா என் செல்லமே, இல்லம் திரும்புவோம்.”

தாரணியும் குல்லாவைக் கழற்றினாள். இப்போது எந்தக் குரலில் பேசுவாள் என்று செல்வராணி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

சின்னக் குரலில், நாய்க்குட்டியைப் பார்த்து, தாரணி சொன்னாள்:

“வாங்க சாமி. ஊட்டுக்குப் போலாமுங்க.”

‘ஊடு’ என்றாள். அந்தப் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னால் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஒரு குழந்தை மட்டும் திரையிலிருந்த நாயைப் பார்த்து, “வாங்க, வாங்க” என்று கையை நீட்டியது.

7

திரும்பி வரும்போது பஸ்ஸை இன்னொரு டிரைவர் ஓட்டினார்; நான் பிரயாணி. செல்வராணி ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அம்மாவுக்குக் குரல் பதிவில் கதையைக் கத்திக்கொண்டிருந்தாள். தாரணி எனக்கும் அவளுக்கும் நடுவில், மடியில் சிறிய பாப்கார்ன். ராகவன் சார் வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை வந்து எல்லாருக்கும் ‘ஏலே’ சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தாள்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஏனுங்க அம்முணி, எல்லாத்தையும் ஏலே ஏலேன்னு வெரட்டிப்போட்டு, நாய்க்குட்டிக்கு மட்டும் எதுக்கு ‘ங்க’ போட்டீங்க?”

அவள் என்னை ஒரு மண்டுவைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“அது குட்டியல்லோ? பயந்துபோயி வருது. அதுகிட்ட ‘ங்க’ போட்டாத்தான் பிரியம்னு தெரியும்.”

நான் எதிர்ப்பக்க ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டேன். வெளியே கால்வாய்க்கரை மரங்கள் ஓடின. கொஞ்ச நேரம் கழித்து என் சட்டைக்கையை இழுத்தாள். திரும்பினேன். பிரிகிட்டே அன்றைக்கு நீட்டியது மாதிரி, நிமிர்ந்து உட்கார்ந்து, கையை நேராக நீட்டிக்கொண்டிருந்தாள். பாப்கார்ன் உப்பு ஒட்டிய கை.

“அப்பா, ஸ்கூல் கேட்ல மட்டும் டூ.”

“எங்கிட்டவே டூ விடறீங்களா?”

“ஸ்கூல் கேட்ல மட்டும். ஊட்டுல ‘ங்க’ போடோணும்.”

கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

“செரிங்க” என்றேன்.